டிபென்டன்ட், வல்னரபிள், ப்ரோன்: எங்கே எது?

கேள்வி: வாசகர் ஒருவர், 3 பிப்ரவரி 2024

கடலோர ஊர்களில் வேலை செய்யும் தொண்டு அமைப்பு ஒன்றுக்காக ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன். டிபென்டன்ட், ரிலையன்ட், வல்னரபிள், சஸெப்டிபிள், ப்ரோன், லையபிள், சப்ஜெக்ட் டு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அகராதியைத் திறந்தால் பாதிக்கு "சார்ந்திருக்கிற", மீதிக்கு "எளிதில் பாதிக்கப்படக்கூடிய". ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

3 பிப்ரவரி, இரவு

குடி முழுகாது. ஆனால் பழி ஆள் மாறி விழும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஒரு சின்னச் சோதனை. மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றில் ஆங்கிலப் படிகளைத் திருத்தும் வேலையில் வெகுகாலம் இருந்தவன் நான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

சொல்லோடு ஒட்டி வருகிற பொருளை எடுத்துவிட்டுப் பாருங்கள். கடல் இல்லையென்றால் மீனவருக்குப் பிழைப்பில்லை. அங்கே டிபென்டன்ட் ஆன், அல்லது ரிலையன்ட் ஆன். புயல் இல்லையென்றால் அவருக்கு நிம்மதி. அங்கே வல்னரபிள் டு. சாராயம் இருந்தாலும் கேடு, திடீரென்று நிறுத்தினாலும் கை நடுங்கும். அங்கே அடிக்டட் டு. பாதி வரிகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

கூட வரும் ப்ரெபொசிஷனும் இதற்கு ஒத்துப்போகிறது. டிபென்டன்ட், ரிலையன்ட், கன்டின்ஜென்ட் மூன்றுக்கும் 'ஆன்'. வல்னரபிள், சஸெப்டிபிள், ப்ரோன், சப்ஜெக்ட், அடிக்டட் எல்லாவற்றுக்கும் 'டு'. டிபென்டன்ட்டின் லத்தீன் வேருக்குத் தொங்குவது என்று பொருள். கழுத்தில் போடும் பென்டன்ட்டும் கடிகாரப் பெண்டுலமும் அதே குடும்பம்தான். தொங்க வேண்டுமானால் மேலே ஏதாவது ஒன்று பிடித்திருக்க வேண்டும். வல்னரபிளின் வேர் காயம். காயம் பட வேண்டுமானால் எதிரே ஏதாவது ஒன்று வர வேண்டும்.

4 பிப்ரவரி

இன்டிபென்டன்ட் மட்டும் 'ஆன்' கேட்காது, 'ஆஃப்' கேட்கும். "இன்டிபென்டன்ட் ஃப்ரம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. இன்டிபென்டன்ஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு 'ஃப்ரம்' பொருந்தும், அந்தப் பழக்கத்தில் வருவது அது. அறிக்கையில் 'ஆஃப்' போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

4 பிப்ரவரி, மாலை

டிபென்டன்ட்டுக்கு எழுத்துக்கூட்டல் கேட்டவருக்கு: பிரிட்டிஷ் வழக்கத்தில் பெயரடைக்குக் கடைசியில் இ-என்-டி, ஆளைக் குறித்தால் ஏ-என்-டி. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் இ-என்-டி போட்டுவிடுகிறார்கள். நம் அரசுப் படிவங்களில் இரண்டும் கலந்து கிடக்கும், ஒரே பக்கத்தில்கூட.

ஆளைக் குறிக்கும்போது இந்தச் சொல் கொஞ்சம் சுடும். என் மகள் எம்.டெக். முடித்து இங்கே நல்ல வேலையில் இருந்தவள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க ஹெச்-1பி விசா, இவளுக்குக் கூடப் போகிற துணைக்கான ஹெச்-4. படிவத்தை நிரப்பும்போது, "டிபென்டன்ட்டாம்! நான் யாரைப்பா தொங்கிக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டாள். சட்டப்படி பார்த்தால் சொல் சரிதான், அவர் விசா போனால் இவள் விசாவும் போகும். தொங்குவது விசா, ஆள் அல்ல என்று நான் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. 2015 மே மாதத்திலிருந்து ஹெச்-4 மனைவி, கணவர்களில் ஒரு பகுதியினர் அங்கே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். பெரும்பாலும் துணையின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருக்க வேண்டும். அது வரும்வரை இவள் வீட்டில்தான் இருந்தாள். "என் டிபென்டன்ட் காபி போட்டாச்சா?" என்று மாப்பிள்ளை ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

6 பிப்ரவரி

ரிலையபிளும் ரிலையன்ட்டும் ஒன்றா என்று ஒருவர் கேட்கிறார். நேரெதிர். நம்பத் தகுந்தவர் ரிலையபிள், நம்பி இருப்பவர் ரிலையன்ட். டிபென்டபிளும் டிபென்டன்ட்டும் அப்படியே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய ஒரு பையனின் சிபாரிசுக் கடிதம் எங்களிடம் திருத்தத்துக்கு வந்தது. அவனுடைய பேராசிரியர் வாயாரப் புகழ்ந்து "ஹைலி டிபென்டன்ட் ஸ்டூடன்ட்" என்று எழுதியிருந்தார். அனுப்பும் முன் கண்ணில் பட்டதால் பையன் பிழைத்தான்.

ரிலையன்ட்டில் கொஞ்சம் நம்பிக்கை கலந்திருக்கும், டிபென்டன்ட்டில் வேறு வழியின்மை. அதனால்தான் செல்ஃப்-ரிலையன்ட் பாராட்டுச் சொல்லாகிறது. 2020 மே மாதத்தில் ஆத்மநிர்பர் பாரத் என்று மத்திய அரசு அறிவித்ததை ஆங்கிலத்தில் செல்ஃப்-ரிலையன்ட் இந்தியா என்றார்கள். தமிழில் "உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்றால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். வேறு கதியில்லை என்பதையும் மரியாதையாகச் சொன்ன மாதிரி ஆகும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

8 பிப்ரவரி

"மாத்திரைக்கு அடிக்ட் ஆகிவிடுவோமா" என்று கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் 'எடுத்துவிட்டுப் பார்' சோதனை திணறுகிற இடம் இது.

என் அத்தைக்கு நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை. சொந்தத்தில் ஒருவர் "அடிக்ட் ஆயிட்டீங்க, தூக்கி எறிங்க" என்று ஓதிவிட்டுப் போனார். நல்லவேளை, அத்தை முதலில் டாக்டரைக் கேட்டார். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் அவர். உடம்பு மாத்திரையை டிபென்ட் செய்கிறது. ஆனால் அத்தைக்கு மாத்திரை மேல் ஆசையா, வெறியா? கசப்பென்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்குவார். டிபென்டன்ட் உண்டு, அடிக்டட் இல்லை.

மருத்துவர்களே இதில் வெகுநாள் அல்லாடினார்கள். 1964-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அடிக்‌ஷன் என்ற சொல்லை விட்டுவிட்டு டிபென்டன்ஸ் என்று சொல்லும்படி பரிந்துரைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் டிபென்டன்ஸ் என்றே பல ஆண்டுகள் எழுதியது. விளைவு, வலிக்கு மருந்து எடுப்பவர்களும் போதைக்கு எடுப்பவர்களும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதையும் கைவிட்டு, யூஸ் டிஸார்டர் என்று மாற்றினார்கள். அதே குழப்பத்துக்குச் சர்க்கரை நோயில் 1997-இல் முடிவு கட்டினார்கள்: அதுவரை இன்சுலின்-டிபென்டன்ட், நான்-இன்சுலின்-டிபென்டன்ட் என்று இரு வகை. இரண்டாம் வகைக்காரர்களிலும் நிறைய பேர் இன்சுலின் போட்டுக்கொள்வதால் பெயர் குழப்பியது. டைப் 1, டைப் 2 என்று எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள்.

8 பிப்ரவரி, இரவு

அடிக்டட்டின் பழைய கதை சுவையானது. ரோமச் சட்டத்தில் கடனைக் கட்ட முடியாமல், தீர்ப்பின்படி கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைக்கப்பட்டவனுக்குப் பெயர் அடிக்டஸ். ஆனால் 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களை 'அடிக்ட்' செய்துகொண்ட ஒரு வீட்டாரைப் பற்றிப் பாராட்டாகவே வருகிறது (முதலாம் கொரிந்தியர், 16-ஆம் அதிகாரம்). நம் பக்திப் பாடல்களில் அடிமை என்பது பெருமைப்பட்டுக்கொள்ளும் சொல் அல்லவா, அந்த மாதிரி.

இலக்கணம்: 'டு'வுக்குப் பிறகு பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான் வரும். அடிக்டட் டு வாட்ச் என்பது தவறு, அடிக்டட் டு வாட்சிங். அடிக்டட் வித் என்பது எங்கும் இல்லை, நம் ஊரைத் தவிர.

11 பிப்ரவரி

சஸெப்டிபிள். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட் வாங்கி வந்தோம். வரிசையாக ஆன்டிபயாட்டிக் பெயர்கள், பக்கத்தில் சஸெப்டிபிள், சஸெப்டிபிள், ரெசிஸ்டன்ட், சஸெப்டிபிள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை மருந்தும் எனக்கு ஒத்துக்காதாம்டா." ஒத்துக்கொள்ளாதது கிருமிக்கு. அந்தத் தாளில் சஸெப்டிபிள் எத்தனை இருக்கிறதோ அத்தனை நல்லது, ரெசிஸ்டன்ட் என்றால்தான் கவலைப்பட வேண்டும். சொல்லிப் புரியவைத்ததும் "கிருமி பேர்ல எழுதறதை என் பேர் போட்டா குடுப்பாங்க?" என்று லேப்காரர் மேல் பாய்ந்தார்.

தொற்றுநோய்க் கணக்கில் இன்னொரு பொருள். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த கணித மாதிரியில் ஊரே சஸெப்டிபிள், தொற்றியவர், தேறியவர் என்று பிரியும். அங்கே சஸெப்டிபிள் என்பவர் நோஞ்சான் அல்ல. இன்னும் தொற்றாத, எதிர்ப்பு இல்லாத யாரும் சஸெப்டிபிள்தான், பயில்வானாக இருந்தாலும்.

ஆக, உள்ளே ஏதோ ஒன்று வருவதை ஏற்றுக்கொள்ளும்படி இருந்தால் சஸெப்டிபிள். நோயும் ஏறலாம், முகஸ்துதியும் ஏறலாம். 'சஸெப்டிபிள் ஆஃப்' என்றும் பழைய எழுத்தில் பார்க்கலாம், இடம்கொடுக்கிற என்ற பொருளில். இப்போது எழுதுகிறவர்களுக்குத் தேவையில்லை.

13 பிப்ரவரி

பழி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ப்ரோன்தான் அந்தச் சொல்.

லத்தீனில் முன்பக்கம் சாய்ந்திருப்பது. ஒரு பக்கமாகச் சாய்கிற சுபாவம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம் வந்துவிடும். 1926-இல் பிரிட்டனில் ஃபார்மர், சேம்பர்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஆக்சிடென்ட் ப்ரோன்னெஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையில் சிலருக்கு மட்டும் அடிக்கடி அடிபடுகிறதே, அது அவர்கள் குணமா என்று தேடிய காலம். முதலாளிக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்குமா? இயந்திரத்துக்குத் தடுப்பு போட வேண்டாம், ஆளை மாற்றினால் போதும்.

இப்போது அதே சொல் நெடுஞ்சாலைப் பலகைக்கு வந்திருக்கிறது, ஆக்சிடென்ட் ப்ரோன் ஜோன் என்று. வளைவைச் சரியாகப் போடாதது யார் என்று பலகை சொல்லாது. சென்னைக்கு மழை வந்தால் ஆங்கிலச் செய்திகளில் வேளச்சேரியும் முடிச்சூரும் ஃப்ளட்-ப்ரோன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டிடம் எழுப்பி, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டு, ஊருக்கே அது பிறவிக் குணம் போல ப்ரோன் என்றால் எனக்குக் கோபம் வரும்.

14 பிப்ரவரி

"அப்படியானால் ப்ரோன் என்று எழுதவே கூடாதா?" எழுதலாம். எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று சொல்ல அதுதான் சரியான சொல். நாகப்பட்டினம் கடற்கரை சைக்ளோன்-ப்ரோன், மறுக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் இருந்தது அதே ப்ரோன் கடற்கரையில்தான். கூரை பறந்தது யாருக்கு? அவரைத்தான் வல்னரபிள் என்று எழுத வேண்டும். வந்தால் என்ன ஆகும் என்பது வல்னரபிள். பேரிடர் துறைக்காரர்கள் எக்ஸ்போஸ்ட் என்று மூன்றாவதாக ஒன்றையும் பிரிப்பார்கள்: புயலின் பாதையில் இருப்பவர் எல்லோரும் எக்ஸ்போஸ்ட், அவர்களில் தாங்க முடியாதவர் வல்னரபிள். தென்னந்தோப்புக்காரர்கள் வசதியானவர்கள்தானே, அவர்களுமா என்று கேட்கலாம். கஜாவில் தோப்பு தோப்பாக மரம் சாய்ந்தது. கன்று வைத்துக் காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தென்னை ஒன்றையே டிபென்ட் செய்ததால் வல்னரபிள் ஆனவர்கள் அவர்கள். இரண்டு சொல்லும் ஒரே வரியில் வந்து, இரண்டும் தேவைப்படுகிற இடம்.

14 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

ஆமாம், ப்ரோன் என்றால் குப்புறப் படுத்திருப்பதும்தான். கோவிட் காலத்தில் மூச்சு வாங்கியவர்களைக் குப்புறப் படுக்க வைத்தது அதே சொல். மல்லாந்து படுத்தால் சூப்பைன். இழைக்குச் சம்பந்தமில்லை, கேட்டதால் சொன்னேன்.

15 பிப்ரவரி

கணினித் துறை நண்பர் ஒருவர் "எங்கள் ஊரில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை, வல்னரபிள் டிபென்டன்சி" என்கிறார். ஒரு மென்பொருள் நம்பியிருக்கிற, வேறொருவர் எழுதிய நிரல்தான் டிபென்டன்சி. அழகான உதாரணம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை எழுதியவர் எடுத்துவிட, அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. டிபென்டன்ட் என்பதற்கு என் சோதனையை உலகமே செய்து பார்த்தது போல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இன்னொரு நிரலின் விவகாரம் மறுபக்கம்: நிரல் இருந்த இடத்திலேயே இருந்தது, அதில் இருந்த ஓட்டைதான் பிரச்சினை. அது வல்னரபிள்.

17 பிப்ரவரி

சப்ஜெக்ட் டு, லையபிள் டு இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பரஸ்பர நிதி விளம்பரத்தின் கடைசியில் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்களே, "சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை" என்று, அந்த 'உட்பட்ட'தான் சப்ஜெக்ட் டு. கடை பில்லின் அடியில் எந்த ஊர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது என்று அச்சடிப்பதும் அதே. பலவீனம், பலம் எதையும் சொல்லாத சொல். அதிகாரமோ விதியோ மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

லையபிள் சட்ட வாடை அடிக்கும். லையபிள் ஃபார் என்றால் பொறுப்பேற்க வேண்டியவர். லையபிள் டு என்றால் தண்டனைக்கு ஆளாகக்கூடியவர், அல்லது சாதாரணப் பேச்சில், ஏதாவது கெட்டது நடக்க வாய்ப்புள்ளது. அறிக்கையில் மக்களைப் பற்றி எழுதும்போது தொடாமல் இருப்பது நல்லது.

கன்டின்ஜென்ட் ஆன் ஆட்களுக்கு வராது, நிகழ்ச்சிகளுக்கு. நிதி வந்தால்தான் திட்டம் என்கிற இடத்தில் போடலாம்.

20 பிப்ரவரி

வல்னரபிள் பற்றி இன்னும் ஒன்று. 'டு' இல்லாமல் தனியாக வரும்போது அது வேறு வேலை செய்கிறது. அழியும் அபாயத்தை அளக்கும் உலக வனவிலங்குப் பட்டியலில் வல்னரபிள் ஒரு படிநிலை: அதற்கு மேல் என்டேஞ்சர்ட், அதற்கும் மேல் கிரிட்டிக்கலி என்டேஞ்சர்ட். நம் காட்டெருமையும் சிறுத்தையும் வல்னரபிள், வரையாடு என்டேஞ்சர்ட். அங்கே அளவுகோல் இருக்கிறது, சரி.

மனிதர்களுக்கு? பழங்குடிகளில் சில சமூகங்களை ப்ரிமிட்டிவ் ட்ரைபல் குரூப்ஸ் என்று அரசு வகைப்படுத்தியிருந்தது. 2006-இல் அந்த முதல் சொல்லைத் தூக்கிவிட்டு பர்ட்டிகுலர்லி வல்னரபிள் என்று மாற்றினார்கள். நாடு முழுவதும் 75 சமூகங்கள், தமிழ்நாட்டில் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். மாற்றம் நல்ல மாற்றம்தான். ப்ரிமிட்டிவ் என்ற சொல் அவர்கள் முகத்தில் குத்திய முத்திரை. ஆனால் புதிய பெயரில் எதற்கு வல்னரபிள் என்று இல்லை. வனச் சட்டத்துக்கா, நிலத்தைப் பிடுங்குபவருக்கா, கொத்தடிமையாக வைத்திருந்த செங்கல் சூளை, அரிசி ஆலை முதலாளிக்கா? 'டு'வை வெட்டியதும் எதிரே நிற்பவர் மறைந்துவிடுகிறார், காயம் மட்டும் இவர்கள் உடம்பில் ஒட்டிக்கொண்டு குணம் போல ஆகிவிடுகிறது. பாருங்கள், ப்ரோன் செய்த வேலையை இதுவும் செய்யத் தொடங்கிவிட்டது. அதனால் என் திருத்தப் பேனா வல்னரபிள் கம்யூனிட்டீஸ் என்று பார்த்தால் ஓரத்தில் "டு வாட்?" என்று எழுதாமல் விடாது. எழுதியவர்கள் பாதிப் பேர் எரிச்சல்படுவார்கள். மீதிப் பேர் பதில் எழுதுவார்கள், அப்போது அறிக்கையில் ஒரு உருப்படியான வாக்கியம் வரும்.

21 பிப்ரவரி

"இப்போதெல்லாம் அலுவலகத்தில் வல்னரபிளாக இருங்கள் என்கிறார்களே" என்று கேட்டவருக்கு: 2010-இல் ஹூஸ்டனில் அமெரிக்க ஆய்வாளர் ப்ரெனே பிரவுன் ஆற்றிய உரை இணையத்தில் பரவிய பிறகு இந்தப் பொருள் வெகுவாகப் பிரபலமானது. மனதைத் திறந்து காட்டுவது, அடிபடலாம் என்று தெரிந்தும். வல்னரபிளாக இருக்கச் சொல்லும் மேலாளர் அப்ரைசல் நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

22 பிப்ரவரி

பிஹோல்டன் விட்டுப்போயிற்று. நன்றிக்கடன் பட்ட நிலை, ஆனால் கசப்போடு. கர்ணனின் செஞ்சோற்றுக் கடனை நாம் உருகிச் சொல்வோம். ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு அரசியல்வாதி யாருக்கோ பிஹோல்டன் என்றால் பணம் வாங்கியிருக்கிறார், கைகட்டி நிற்கிறார் என்று பொருள். நன்றி சொல்லும் கடிதத்தில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

25 பிப்ரவரி

சீட்டாட்டக்காரர் ஒருவர் நினைவுபடுத்தினார்: கான்ட்ராக்ட் பிரிட்ஜில் ஒரு கேம் ஜெயித்த அணிக்கு வல்னரபிள் என்று பெயர், அதற்குப் பிறகு தோற்றால் அபராதம் அதிகம். 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் இந்த ஆட்ட விதிகளைச் சோதித்துப் பார்த்தபோது, உடன் பயணித்த ஒரு இளம்பெண் சொன்ன சொல் அது. ஜெயித்தவனுக்குத்தான் அடி பலமாக விழும் என்கிற ஆட்டம்.

27 பிப்ரவரி

டிபென்டன்ட் ஆன், டிபென்டன்ட் அபான்: இரண்டும் சரி. அபான் கொஞ்சம் விறைப்பு, சட்டப் பத்திரங்களில் பொருந்தும். அறிக்கைக்கு ஆன் போதும். "டிபென்டிங்" வேறு சொல், அதைப் பற்றி வேறு இழை திறந்து கேளுங்கள், இதற்கே என் கண் வலிக்கிறது.